கருவியைக் கொடுத்தோம், கற்பிப்பவரை ஆயத்தம் செய்தோமா?



நம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்த சிறு சம்பவத்தோடு ஆரம்பிக்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். பெயர் சொன்னால் குற்றம் யாரோ ஒருவர்மேல் விழும். நான் சொல்லப்போகும் குற்றமோ நம் எல்லோருக்கும் பங்குள்ளது.

ஐந்தாம் வகுப்பு அறையில் கரும்பலகைக்குப் பக்கத்தில் பெரிய திரை ஒன்றை மாட்டினார்கள். மாட்ட வந்தவர், எதைத் தொட்டால் என்ன வரும் என்று அரைமணி நேரம் வேகமாய்ச் சொல்லிவிட்டு அடுத்த பள்ளிக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை காலை, இருபத்தெட்டு வருஷம் பாடம் நடத்திய அந்த டீச்சர், நாற்பது பிள்ளைகளுக்கு முன்பாகத் திரையைத் தொட்டார். படம் வரவில்லை. மறுபடியும் தொட்டார், வேறேதோ வந்தது. மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "நான் போடட்டுமா டீச்சர்?" என்று கேட்டு, ஒரு நொடியில் போட்டுவிட்டான். வகுப்பு முழுவதும் கை தட்டியது. டீச்சரும் சிரித்தார். ஆனால் மறுநாள் அந்தத் திரையின்மேல் ஒரு பழைய துணி போர்த்தியிருந்தது. அதற்குப் பின் பல மாதம் அது எடுபடவேயில்லை.

பெற்றோர் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. "இவ்வளவு விலையுள்ள சாமானை வாங்கி வைத்தும் டீச்சர் தொடமாட்டேன் என்கிறாரே! பழைய காலத்து மனுஷி" என்றார்கள். அங்கே ஒருவர்கூட, "அவருக்கு இதை யார், எத்தனை நாள் கற்றுக்கொடுத்தார்கள்?" என்று கேட்கவில்லை.

இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். புதிய கருவியைக் கொண்டு பாடம் நடத்த உபாத்தியாயரை ஆயத்தம் செய்வது, கையில் மிச்சம் இருந்தால் செய்யும் தயவா? அல்லது கருவியைக் கொடுக்கிறவன்மேல் விழுந்த கடனா?

நம் சிங்கப்பெருமாள் கோயில் ஜனங்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. விடியற்காலையில் ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் நின்று பாருங்கள். மஹிந்திரா சிட்டிக்கும் ஒரகடத்துக்கும் போகிற கம்பெனி பஸ்களில் நம் வீட்டு ஆண்களும் பெண்களும் ஏறுகிறார்கள். புதிய இயந்திரம் ஒன்று வந்தால் தொழிற்சாலையில் என்ன செய்கிறார்கள் என்று அவர்களைக் கேளுங்கள். பழகாத ஆளை முதல் நாளே தனியாக அதன் முன் நிறுத்த மாட்டார்கள். தெரிந்தவர் பக்கத்தில் நின்று காட்டுவார். புதியவர் செய்து பார்ப்பார். பழகுகிற நாளுக்கும் சம்பளம் உண்டு. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே, இளம் வயதுத் தொழிலாளியை அபாயமுள்ள இயந்திரத்தில் வைப்பதற்குமுன், அதன் அபாயத்தை முழுவதும் விளக்கி, போதிய பயிற்சியாவது மேற்பார்வையாவது கொடுக்கவேண்டும் என்று விதித்தது.

இரும்பைத் தொடுகிற கைக்கு இவ்வளவு யோசனை செய்கிறோம். பிள்ளையின் புத்தியைத் தொடுகிற கைக்கு அரைமணி நேரம் போதும் என்று எப்படி நினைத்தோம்?

இது இன்று நேற்று வந்த தவறு அல்ல. நம் சென்னைப் பட்டணத்திலேயே இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது. 1789-ல் எழும்பூரில், இராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து தேசத்துப் போதகர் தலைவராக வந்தார். ஒரு நாள் அவர் வழியில், நம்மவர் நடத்திய பள்ளிக்கூடம் ஒன்றைக் கண்டார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். காகிதம் வேண்டாம், மை வேண்டாம். தவறினால் உள்ளங்கையால் துடைத்துவிட்டு மறுபடியும் எழுதலாம். இதைப் பார்த்த பெல் அதிசயித்து, தம் பள்ளியிலும் கீழ்வகுப்புக்கு இப்படியே அரிச்சுவடி கற்பிக்கும்படி உபாத்தியாயரிடம் சொன்னார். அவரோ, அது நடக்காத காரியம் என்றார். பெல் என்ன செய்தார் தெரியுமா? ஜான் பிரிஸ்கன் என்ற ஏறக்குறைய எட்டு வயதுப் பையனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். பையன் செய்து காட்டினான். அதிலிருந்து, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையைப் பள்ளி முழுவதும் ஏற்படுத்தினார்.

நம் பெரியவர்கள் இதைக் கேட்டால் புன்னகை செய்வார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை அறியாதவர் யார்? பெல் சீமைக்குத் திரும்பி, 1797-ல் இதைப் புத்தகமாய் வெளியிட்டார். அங்கே அது 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்று ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இன்றும் இருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெல்லின் சாமர்த்தியத்தைப் புகழ்ந்து, உபாத்தியாயரைப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் கதையை நமக்குச் சொன்னவர் பெல், உபாத்தியாயர் அல்ல. சற்று யோசியுங்கள். நம் திண்ணைப் பள்ளி வாத்தியார் மணலை உபயோகித்தது எதனால்? அவரும் ஒரு காலத்தில் அந்த மணலில் எழுதிப் பழகியவர். எப்போது மணல், எப்போது ஓலை, எப்போது எழுத்தாணி என்பது அவர் கைக்கே தெரியும். எழும்பூர் உபாத்தியாயருக்கோ மணல் வந்தது. அதன் பின்னால் இருந்த பழக்கம் வரவில்லை. அவரைத் திண்ணையில் சில நாள் உட்காரவைத்திருந்தால் கதை வேறுவிதமாய் முடிந்திருக்கலாம். அவரைத் தாண்டிப் போவது சுலபமாயிருந்தது.

அப்படித் தாண்டிப் போனதன் பலன் என்ன? சம்பளம் வாங்கும் ஒரே உபாத்தியாயரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நடத்தலாம் என்பதால் அந்த முறை சீமையில் மலிவாய்ப் பரவியது. ஆனால் தானே அரைகுறையாய்க் கற்ற சிறுவன் எவ்வளவு கற்பிப்பான்? 1846-ல் இங்கிலாந்து அரசாங்கம், கற்பிக்க விரும்பும் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, ஐந்து வருஷம் ஒரு தேர்ந்த ஆசிரியரின் கீழ்ப் பயிற்றுவிக்கப் பணம் ஒதுக்கியது. அரை நூற்றாண்டு கழித்து வந்த புத்தி இது: கற்பிப்பவரை ஆயத்தம் செய்யாமல் கடக்க வழியில்லை.

இதே உண்மையை அதற்கும் முன்னே கண்டவர் ஒருவர் உண்டு. நம் கோயில்களிலும் பள்ளிகளிலும் அவர் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பிரான்ஸ் தேசத்து ரெய்ம்ஸ் நகரில் வாழ்ந்த அர்ச். ஜான் பத்தீஸ்து தெ லா சால். 1950-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் இவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக ஏற்படுத்தினார். ஏழைப் பிள்ளைகளின் பள்ளி சீர்கெட்டுக் கிடப்பதைக் கண்டபோது அவர் முதலில் செய்தது என்ன? புதிய புத்தகம் வாங்கவில்லை. பள்ளி உபாத்தியாயர்களைத் தம் வீட்டுப் பந்திக்கு அழைத்தார். 1681-ல் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அந்தக் காலத்தில் ஏழைப் பள்ளி வாத்தியார் என்றால் மதிப்பற்றவர். ஆகவே சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. பின்னர் உபாத்தியாயர்களைப் பயிற்றுவிக்கவே ஒரு நிலையத்தை ஏற்படுத்தினார். பிள்ளைகளை ஒவ்வொருவராய்க் கூப்பிட்டு நடத்தாமல் வகுப்பாய் நடத்துவதும், லத்தீனுக்கு முன்பே தாய்மொழியில் வாசிக்கக் கற்பிப்பதும் அவர் பள்ளிகளில் வழக்கமாயின. புதிய முறை நிலைத்ததற்குக் காரணம், அதைக் கையாளும் மனிதருக்கு முதலில் மதிப்பும் சோறும் அவகாசமும் கிடைத்ததே.

இனி நம் தேசத்துக்கு வருவோம். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கரின் செயற்கைக் கோள் ஒன்றைக் கொண்டு, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் பாடம் அனுப்பிப் பார்த்தார்கள். 'சைட்' என்று அதற்குப் பெயர். அதில் எல்லோரும் நினைவில் வைப்பது, கிராமத்துப் பிள்ளைகள் டெலிவிஷன் பார்த்ததை. நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. பள்ளி விடுமுறையில் அதே டெலிவிஷனைக் கொண்டு ஆயிரக்கணக்கான ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு விஞ்ஞானம் கற்பிப்பதில் பயிற்சி கொடுத்தார்கள். படத்தைப் பார்த்தது மட்டுமல்ல. ரேடியோவும் கேட்டார்கள், கைப்புத்தகம் வாசித்தார்கள், சுற்றிலும் கிடைக்கும் சாமான்களைக் கொண்டு தங்கள் கையாலே பரிசோதனை செய்தார்கள். கருவி முதலில் ஆசிரியருக்கு ஊழியம் செய்தது.

அதற்குப் பின் 1984-ல் 'கிளாஸ்' என்ற திட்டத்தின்கீழ் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எண்ணம் நல்லது. ஆனால் பயிற்சி பள்ளிக்குச் சில ஆசிரியரோடும் சில வாரத்தோடும் நின்றது. மற்ற ஆசிரியர்களுக்கு அது பூட்டிய அறைக்குள் இருக்கும் வேறொரு உலகமாயிற்று.

நம் மாநிலத்தில் நடந்ததையும் வரிசையாய்ப் பாருங்கள். 2011-ல் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கினார்கள். 2018 முதல் வந்த புதிய பாடப் புத்தகங்களில் கியூ.ஆர். குறி அச்சாயிற்று. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களின் கையில் அரசாங்கம் டேப்லெட் கொடுத்தது, பிள்ளைகள் கையில் லேப்டாப் வந்து பல வருஷத்துக்குப் பின்னரே. இவை நல்ல காரியங்கள். நம் வீட்டு ஏழைப் பிள்ளைகள் இவற்றால் பயன் பெற்றார்கள். வரிசை மாத்திரம் யோசிக்கத் தக்கது. 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பருவந்தோறும் பயிற்சியும் கையேடும் கொடுத்தது தெளிவான முன்னேற்றம். அப்படியிருந்தும், பிள்ளைகளின் விவரங்களைச் செயலியில் பதிவு செய்வதிலேயே கற்பிக்கும் நேரம் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் முறையிட்டன. கருவி ஆசிரியருக்கு ஊழியம் செய்கிறதா, ஆசிரியர் கருவிக்கு ஊழியம் செய்கிறாரா என்பதை அடிக்கடி கேட்டுப் பார்க்கவேண்டும்.

அப்படியானால் ஆயத்தம் என்பது என்ன? பொத்தான்களின் பெயரை மனப்பாடம் செய்வதா? இல்லை. அதில் மூன்று படிகள் உண்டு.

முதலாவது, கை பழகுதல். யாரும் பார்க்காத இடத்தில், தவறிப்போகச் சுதந்தரத்தோடு, பல நாள் பழகவேண்டும். சைக்கிள் ஓட்டக் கற்றவர்களுக்குத் தெரியும்: விழுவதற்கு வெட்கப்படுகிறவன் கற்பதில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு முன் முதல் முறை விழும்படி ஒரு பெரியவரை விடுவது கொடுமை.

இரண்டாவது, பாடத்தோடு பொருத்துதல். இதயம் எப்படி இரத்தத்தைத் தள்ளுகிறது என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது கஷ்டம். அசையும் படம் அதை ஒரு நிமிஷத்தில் காட்டும். ஆனால் ஏரி என்றால் என்ன என்று செங்கற்பட்டுப் பிள்ளைக்குத் திரையில் காட்டவேண்டுமா? ரயிலில் போகும்போதே கொளவாய் ஏரியைப் பார்த்துக்கொண்டு போகிறானே! அதே ஏரியை ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைக் காட்டி, "தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கரை எங்கே, வீடுகள் எங்கே வந்துவிட்டன?" என்று கேட்டால், அப்போது திரைக்கு வேலை உண்டு. எந்த இடத்தில் படம், எந்த இடத்தில் பேச்சு, எந்த இடத்தில் வெளியே அழைத்துப் போய்க் காட்டுதல் என்று தீர்மானிப்பது ஆசிரியரின் வித்தை. அந்த வித்தையைத் திரையை விற்றவர் கற்பிக்க முடியாது. அனுபவமுள்ள மற்றொரு ஆசிரியரே கற்பிக்க முடியும்.

மூன்றாவது, மனச்சாட்சியின் நிதானம். திரை சொல்வதெல்லாம் மெய்யா? இன்று கேட்ட கேள்விக்கெல்லாம் சரளமாய்ப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு நம் பிள்ளைகளின் செல்போனில் இருக்கிறது. அது தவறான விஷயத்தையும் சரியான விஷயத்தைப் போலவே தயக்கமின்றிச் சொல்லும். எதை நம்பலாம், எதைச் சோதிக்கவேண்டும், எந்தப் பிள்ளையின் வீட்டில் செல்போன் இல்லை, எந்தப் பிள்ளையின் படத்தை யாருக்கும் அனுப்பக்கூடாது, எப்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்பவை நீதிநெறி சார்ந்த தீர்ப்புகள். 2025 ஜனவரியில் ரோமாபுரியிலிருந்து வெளியான செயற்கை நுண்ணறிவு பற்றிய ஏடும், ஆசிரியர் நேரில் இருந்து மாணவரோடு கொள்ளும் உறவுக்கு இயந்திரம் ஈடாகாது என்பதை வற்புறுத்துகிறது.

இங்கே சிலர் ஆட்சேபணை சொல்வார்கள். அவற்றுக்கும் பதில் சொல்லுவோம்.

"இளம் ஆசிரியர்களுக்கு இதெல்லாம் தானாகவே தெரியுமே, பயிற்சி எதற்கு?" என்பார் ஒருவர். செல்போனில் சினிமா பார்க்கத் தெரிவது ஒன்று. அதைக்கொண்டு பின்னம் கற்பிக்கத் தெரிவது வேறொன்று. சாப்பிடத் தெரிந்தவரெல்லாம் சமையற்காரர் ஆவாரா?

"பிள்ளைகளே தேடிக் கற்றுக்கொள்கிறார்கள், ஆசிரியரைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை?" என்பார் மற்றொருவர். இதை நாம் பெரிய விலை கொடுத்துச் சோதித்தாயிற்று. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகள் திரும்பி வந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. இடையில் டெலிவிஷனும் செல்போனும் பாடம் சொல்லின. அண்ணனும் தங்கையும் ஒரே போனுக்குச் சண்டையிட்ட வீடுகளையும், போனே இல்லாத வீடுகளையும் நாம் அறிவோம். திரை பேசிற்று, ஆனால் "புரிந்ததா?" என்று அது முகத்தைப் பார்க்கவில்லை. 2021 அக்டோபரில் அந்த இழப்பைச் சரிக்கட்ட அரசாங்கம் எதை அனுப்பியது? 'இல்லம் தேடிக் கல்வி' என்று தெருத்தெருவாய்த் தன்னார்வலர்களை, அதாவது மனிதரைத்தான் அனுப்பியது.

"முதலில் கருவி வரட்டும், பயிற்சி பிறகு பார்க்கலாம்" என்பார் மூன்றாமவர். தென் அமெரிக்காவிலுள்ள பெரு தேசம் அப்படித்தான் லட்சக்கணக்கான லேப்டாப்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. 2012-ல் ஆராய்ந்து பார்த்தபோது, கணக்கிலும் மொழிப் பாடத்திலும் முன்னேற்றம் தென்படவில்லை. யுனெஸ்கோ ஸ்தாபனம் 2023-ல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கையும், கல்வியில் இந்தக் கருவிகள் யாருடைய நிபந்தனைப்படி நுழைகின்றன என்ற கேள்வியையே தலைப்பாக வைத்தது.

ஆகையால் நான் முதலில் கேட்டதற்குப் பதில் இதுதான். ஆசிரியரை ஆயத்தம் செய்வது தயவு அல்ல, நீதி. ஏனெனில் கருவியைக் கொடுத்து, பழக அவகாசம் கொடாமல், பலனை மாத்திரம் கேட்பவன், சுமையையும் பழியையும் சேர்த்தே கொடுக்கிறான். கொடுத்தவனுக்குப் புகழ், வாங்கியவருக்கு வெட்கம். இப்படிப்பட்ட கொடையை நம் வீட்டு வேலைக்காரருக்குக்கூடக் கொடுக்கலாகாது. நம் பிள்ளைகளின் உபாத்தியாயருக்குக் கொடுக்கலாமா?

"இது அரசாங்கத்தின் காரியம், நிர்வாகத்தின் காரியம், நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். உங்களால் ஆகக்கூடியவை உண்டு.

பெற்றோர் கூட்டத்துக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் போகிறவர்கள், "எத்தனை வகுப்பில் திரை மாட்டியாயிற்று?" என்று கேட்பதோடு நிற்காதீர்கள். "டீச்சர்களுக்கு எத்தனை நாள் பயிற்சி? அந்த நாளில் வகுப்பை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? ஆறு மாதம் கழித்து மறுபடியும் பயிற்சி உண்டா?" என்றும் கேளுங்கள். கேட்கும் தொனி குற்றம் சாட்டுவதாய் இராமல் ஆசிரியருக்குத் துணை நிற்பதாய் இருக்கட்டும்.

வீட்டில் பிள்ளை வந்து, "எங்க மிஸ்ஸுக்கு லேப்டாப்பே போடத் தெரியலை" என்று சிரித்தால், நீங்களும் சேர்ந்து சிரிக்காதீர்கள். "அவருக்கு இது புதிது, உனக்கு அவர் சொல்லித் தருகிற கணக்கு புதிதல்லவா? ரெண்டு பேரும் கத்துக்கிறீங்க" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையால் பிள்ளை மரியாதையும் கற்கிறது. வயது வந்த பின்னும் கற்கலாம் என்பதையும் கற்கிறது.

கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் வாலிபரே, மாதத்தில் ஒரு சனிக்கிழமை, உங்களுக்குத் தெரிந்த ஓர் ஆசிரியரின் பக்கத்தில் உட்காருங்கள். பிரசங்கம் செய்யவேண்டாம், அவர் கையிலிருந்து சாமானைப் பிடுங்கி நீங்களே செய்துவிடவும் வேண்டாம். அவர் செய்யட்டும்; கேட்டால் சொல்லுங்கள்; பத்துத் தடவை கேட்டாலும் சொல்லுங்கள். உங்களுக்கு 'அ' எழுதக் கற்பித்தபோது அவர் எத்தனை தடவை கையைப் பிடித்தார் என்று கணக்குப் பார்த்தாரா?

முதலில் சொன்ன அந்த டீச்சரின் கதை துணி போர்த்தியதோடு முடியவில்லை. பக்கத்து வகுப்பு இளம் டீச்சர் ஒருவர் இதைக் கவனித்தார். ஒன்றும் பேசாமல், மாலை நாலு மணிக்குப் பிள்ளைகள் போனபின், "அக்கா, எனக்கு அந்தப் பின்னப் பாடத்தை எப்படி நடத்துறதுன்னு சொல்லித் தாங்க, நான் உங்களுக்கு இதைக் காட்டுறேன்" என்றார். இரண்டு வாரம், தினமும் கொஞ்ச நேரம், கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். ஒருவருக்குத் திரை பழகியது. மற்றவருக்குப் பின்னம் நடத்தும் வழி புலப்பட்டது. மூன்றாம் வாரம் துணி எடுபட்டது. இப்போது பெரிய டீச்சர் வேண்டிய பாடத்துக்கு மட்டும் திரையைப் போடுகிறார். மற்ற நேரம் சாக்பீஸ்தான். எப்போதாவது படம் தகராறு செய்தால், மூன்றாம் பெஞ்சுப் பையனை அவரே கூப்பிடுகிறார். அவன் இப்போது கைதட்டலை எதிர்பார்ப்பதில்லை.

அந்த இரண்டு வாரத்துக்குச் செலவு ஒன்றுமில்லை. ஆனால் திரையை வாங்கிய பணம் பிரயோஜனப்பட்டது அந்த இரண்டு வாரத்தினால்தான். உங்கள் பிள்ளையின் டீச்சருக்கு அப்படிப்பட்ட இரண்டு வாரம் யாராவது கொடுத்தார்களா? அடுத்த முறை பள்ளி வாசலில் அவரைச் சந்திக்கும்போது, மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதற்கு முன், இதைக் கேட்டுப் பாருங்கள்.